தொட்டிக்குள் எல்லைத் தகராறு: ஏஞ்சல் மீன் வளர்ப்போர் கேள்விகளும் பதில்களும்

இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை ஒரே விஷயத்தைச் சுற்றி வருகின்றன: பல வகை மீன்கள் சேர்ந்து வாழும் தொட்டியில் ஏஞ்சல் மீன்கள் ஒன்றையொன்று துரத்துகின்றன, கடிக்கின்றன, மூலையில் ஒடுக்குகின்றன. ஆகவே இந்த இதழ் முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறோம்.

கேள்வி: என் தொட்டி மூன்று அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம். ஐந்து ஏஞ்சல்களை ஒரு ரூபாய் நாணய அளவில் வாங்கி விட்டேன். ஏழு மாதம் ஒன்றாகத்தான் திரிந்தன. இரண்டு வாரமாக இரண்டு மீன்கள் இடது பக்கம் முழுவதையும் பிடித்துக்கொண்டு, மற்ற மூன்றையும் வலது மேல் மூலையை விட்டு நகர விடுவதில்லை. ஒன்றின் வால் கிழிந்துவிட்டது. சண்டை போடும் மீனைக் கடையில் திருப்பிக் கொடுத்துவிட்டால் சரியாகிவிடுமா?
– வாசகர், திருச்சி

பதில்: சரியாகாது. உங்கள் தொட்டியில் ஜோடி சேர்ந்திருக்கிறது. ஏஞ்சல் மீன் சிக்லிட் குடும்பத்தைச் சேர்ந்தது. நம் ஏரிகளில் இப்போது நிறைந்து கிடக்கும் ஜிலேபிக் கெண்டையும் அதே குடும்பம்தான். முட்டையிடும் காலத்தில் அது தரையில் குழி பறித்து, பக்கத்தில் வரும் மீனையெல்லாம் விரட்டும். ஏஞ்சலுக்குக் குழி தேவையில்லை. செங்குத்தான ஓர் அகன்ற இலையோ, ஃபில்டர் குழாயோ, கண்ணாடியின் ஒரு பகுதியோ போதும். அந்த இடத்தைச் சுற்றி ஏறக்குறைய ஒன்றரை அடிக்குள் வேறு மீன் வரக் கூடாது என்பதுதான் அதன் கணக்கு. மூன்றடித் தொட்டியில் ஒன்றரை அடி என்றால் பாதித் தொட்டி. நீங்கள் பார்ப்பதும் அதுவே.

ஏழு மாதம் அமைதியாக இருந்தது ஏன் என்றால், அவை அப்போது குஞ்சுகள். ஏஞ்சல் பருவத்துக்கு வர ஏழெட்டு மாதத்திலிருந்து ஒரு வருடம் வரை ஆகும். கடைத் தொட்டியில் ஐம்பது குஞ்சுகள் நெருக்கியடித்துக்கொண்டு சண்டையில்லாமல் இருப்பதைப் பார்த்துவிட்டு, 'இது சாதுவான மீன்' என்று முடிவு செய்துவிடுகிறோம். இடம் பிடிக்கும் வயதே அவற்றுக்கு இன்னும் வரவில்லை.

இப்போது விரட்டுகிற ஆணை மட்டும் எடுத்துவிட்டால், மீதி நான்கில் அடுத்த பெரிய மீன் அந்த இடத்தைப் பிடிக்கும். சில வாரங்களில் அதே காட்சி திரும்பும். எடுப்பதானால் ஜோடியை எடுக்க வேண்டும். 100 லிட்டருக்குக் குறையாத தனித் தொட்டி ஜோடிக்குப் போதும். இரண்டு அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம் என்று கட்டினால் கணக்குப்படி 127 லிட்டர் வரும். பழகிய ஸ்பான்ஞ் ஃபில்டர் ஒன்று, சாய்த்து வைத்த கடப்பாக் கல் துண்டு ஒன்று. மணல் கூடத் தேவையில்லை. புதிய ஃபில்டரை அன்றைக்கே வாங்கிப் போட்டு மீனை மாற்றாதீர்கள். அதில் மீன் கழிவைச் சிதைக்கும் நல்ல பாக்டீரியா இருக்காது, அம்மோனியா ஏறிவிடும். பழைய தொட்டியிலேயே நான்கு வாரம் ஓடவிட்டு, பிறகு அதோடு சேர்த்து மாற்றுங்கள்.

அந்த நான்கு வாரத்துக்கும், இன்னொரு தொட்டிக்கு வீட்டில் இடமே இல்லாதவர்களுக்கும், தடுப்புதான் வழி. டியூப்லைட் பெட்டிகளின் கீழே பொருத்தும் கட்டம் கட்டமான பிளாஸ்டிக் தட்டு இதற்கு நன்றாகப் பயன்படும். தண்ணீர் தடையில்லாமல் போய்வரும். அளவில்தான் பலர் தவறுகிறார்கள். ஏஞ்சல் எவ்வளவு உயரமாக இருந்தாலும் உடல் மெலிசு. தட்டுக்கும் கண்ணாடிக்கும் நடுவே ஒரு விரல் போகும் இடைவெளி இருந்தால் பக்கவாட்டில் நுழைய முயன்று சிக்கிக்கொள்ளும். மணலுக்கு அடியில் அடிக்கண்ணாடி வரை தட்டை இறக்குங்கள். மேலே நீர்மட்டத்துக்கு இரண்டு அங்குலம் தாண்டி நிற்க வேண்டும். ஃபில்டர் ஒரு பக்கமும் ஹீட்டர் மறுபக்கமும் மாட்டிக்கொண்டால், ஃபில்டர் இல்லாத பக்கத்துக்கு ஒரு காற்றுக் கல்லாவது (காற்று பம்ப்பில் இணைத்துக் குமிழி விடும் கல்) போடுங்கள். முதல் மூன்று நான்கு நாள் தட்டின் மேல் ஒரு கறுப்பு பிளாஸ்டிக் தாளைக் கட்டி, ஒன்றையொன்று பார்க்காமல் செய்வது நல்லது. கண்ணில் பட்டுக்கொண்டே இருந்தால் தடுப்புக்கு இருபுறமும் நின்று மல்லுக்கட்டிக் களைத்துப்போகும்.

ஜோடி போன பிறகு மிஞ்சும் மூன்றைப் பற்றியும் சொல்லிவிடுகிறோம். மூன்று என்பது ஏஞ்சலுக்கு ஆகாத எண். இரண்டு சேர்ந்துகொள்ளும், மூன்றாவது முழு அடியையும் தனியாக வாங்கும். உங்கள் தொட்டி கணக்குப்படி 191 லிட்டர். மணலும் மேலே விடும் இடைவெளியும் போக 160 லிட்டர் தண்ணீர் நிற்கும். அடி பலருக்கும் பங்காகட்டும் என்று எண்ணிக்கையைக் கூட்டலாம் என்றாலும், அதில் ஆறு பெரிய ஏஞ்சல் வைக்க முடியாது. ஆகவே ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்ற இரண்டையும் கொடுத்துவிடுவது, அல்லது ஜோடியை இதே தொட்டியில் விட்டு மூன்றையும் கொடுத்துவிடுவது, இந்த இரண்டில் ஒன்றைத்தான் சிபாரிசு செய்வோம்.

கேள்வி: இரண்டே இரண்டு ஏஞ்சல்கள். கடைக்காரர் 'ஆண் பெண் ஜோடி' என்று கொடுத்தார். ஒன்று மற்றதை ஓயாமல் விரட்டுகிறது. இது ஜோடிதானா?
– வாசகி, கோயம்புத்தூர்

பதில்: குஞ்சு ஏஞ்சலில் ஆண் பெண் பார்த்துச் சொல்ல எவராலும் முடியாது. வளர்ந்த மீனில் நெற்றி மேடு, உடல் அளவு என்று சொல்லும் அடையாளங்களும் நம்பகமானவை அல்ல. முட்டையிடுவதற்கு ஒன்றிரண்டு நாள் முன்பு ஆசனவாயின் அருகே ஒரு சிறு குழல் வெளியே நீளும். கூர்மையாக, மெலிதாக, முன்னோக்கிச் சாய்ந்திருந்தால் ஆண். தடித்து மழுங்கலாக இருந்தால் பெண். உறுதியான அடையாளம் அது ஒன்றுதான். இரண்டு பெண்கள் ஜோடி சேர்ந்து இரண்டுமே முட்டையிடுவதும் உண்டு. அப்போது எல்லா முட்டையும் இரண்டு நாளில் வெள்ளையாகிவிடும்.

உண்மையான ஜோடி சேர்ந்தே நிற்கும், சேர்ந்தே ஓரிடத்தை வாயால் கொத்திச் சுத்தம் செய்யும், மற்ற மீனைச் சேர்ந்தே விரட்டும். ஒன்று துரத்த ஒன்று ஓடிக்கொண்டே இருந்தால் அது ஜோடி இல்லை. பிரித்துவிடுங்கள். ஏஞ்சல் தனியாக இருந்தால் ஏங்கிப்போகும் என்ற கவலை வேண்டாம். டெட்ரா, கோரிடோரஸ் போன்ற சிறு மீன் கூட்டத்தோடு ஒரே ஒரு ஏஞ்சல் பல வருடம் நிம்மதியாக வாழும். அறை இருட்டாகவும் தொட்டி விளக்கு மட்டும் பிரகாசமாகவும் இருந்தால் அது தன் பிம்பத்தையே கண்ணாடியில் பார்த்து மோதும். அறையிலும் ஒரு விளக்கைப் போட்டு வையுங்கள்.

கேள்வி: இரண்டு மீன்கள் வாயோடு வாய் கவ்விக்கொண்டு இழுக்கின்றன. சிலர் முத்தம் என்கிறார்கள், சிலர் சண்டை என்கிறார்கள். எப்போது பிரித்துவிட வேண்டும்?
– வாசகர், ஈரோடு

பதில்: அது பலப்பரீட்சை. ஜோடி சேரும் முன்பு ஆணும் பெண்ணும் ஒன்றையொன்று இப்படிச் சோதிப்பதுண்டு. இரண்டு ஆண்கள் இடத்துக்காகச் செய்வதும் இதையேதான். கவ்வலை மட்டும் பார்த்து முடிவு செய்ய முடியாது. அதற்கு முன்னும் பின்னும் நடப்பதைப் பாருங்கள்.

முதலில் பக்கவாட்டில் நின்று துடுப்புகளை முழுக்க விரிக்கும். செவுள் மூடியை உப்பிக் காட்டும். வாலால் தண்ணீரை எதிராளியின் மேல் அடிக்கும். உடல் கோடுகள் கறுத்து அழுத்தமாகத் தெரியும். இதுவரை எல்லாம் மிரட்டல், ஒருவருக்கும் காயமில்லை. பெரும்பாலும் இங்கேயே ஒன்று துடுப்பை மடக்கிக்கொண்டு, நிறம் வெளுத்து, விலகிப் போய்விடும். வென்ற மீன் இரண்டு மூன்று விநாடி துரத்திவிட்டுத் திரும்பிவிட்டால் விட்டுவிடுங்கள். பெரியது சிறியது என்ற வரிசை இப்படித்தான் அமையும். ஒவ்வொரு துரத்தலுக்கும் நீங்கள் வலையோடு போய் நின்றால் அந்த வரிசை அமையவே அமையாது.

பிரிக்க வேண்டிய கட்டம் வேறு. தோற்ற மீன் விலகிய பிறகும் மூலை வரை தொடர்ந்து போய்க் கடிப்பது. கவ்வல் நாள் முழுவதும் திரும்பத் திரும்ப நடப்பது. உதட்டில் தோல் உரிந்து வெள்ளையாகத் தெரிவது. தோற்ற மீன் ஹீட்டரின் பின்னாலோ நீர்மட்டத்தை ஒட்டியோ தலை மேலாகச் சாய்ந்து நிற்பது. இரண்டு வேளை தொடர்ந்து இரைக்கு வராமல் இருப்பது. இவற்றில் ஒன்று தெரிந்தாலும் அன்றைக்கே பிரித்துவிடுங்கள். தாடை விலகிவிட்ட மீனால் இரை எடுக்க முடியாது. அதைத் திரும்பச் சரிசெய்வது மிகக் கடினம்.

கேள்வி: நான்கு அடி நீளம், ஒன்றரை அடி அகலம், இரண்டு அடி உயரத் தொட்டியில் மூன்று வளர்ந்த ஏஞ்சல்கள். இன்னும் மூன்று சேர்க்க ஆசை. சென்ற முறை ஒன்றைச் சேர்த்தபோது மறுநாளே அடிபட்டு இறந்துவிட்டது. அடியில் பானை, கல் குகை எல்லாம் வைத்திருந்தும் பலனில்லை.
– வாசகி, மதுரை

பதில்: 340 லிட்டர் தொட்டி; ஆறு மீன் வைக்கலாம். சென்ற முறை தவறியதற்கு இரண்டு காரணம். ஒன்றே ஒன்றைச் சேர்த்தீர்கள், அதனால் மூன்று மீனின் கோபமும் அதன் மேலேயே இறங்கியது. இன்னொன்று, பானையும் குகையும் தரையில் வாழும் மீனுக்குத்தான் மறைவு. ஏஞ்சல் நடுத்தண்ணீரில் நீந்துவது. அமேசான் படுகையில் வெள்ளத்தில் மூழ்கிய செடிகளுக்கும் வேர்களுக்கும் நடுவே வழுக்கிப் போவதற்காகத்தான் அதன் உடல் தட்டையாக அமைந்திருக்கிறது. அதற்கு மறைவு வேண்டுமானால் தரையிலிருந்து நீர்மட்டத்துக்கு ஒரு சாண் கீழே வரை நிற்கும் பொருள் வேண்டும்.

வேலிஸ்னேரியா இதற்கு மலிவான, நல்ல செடி. ஆனால் அழகுக்காக எல்லோரும் பின் கண்ணாடியை ஒட்டி ஒரே வரிசையாக நடுகிறார்கள். அப்படி நட்டால் முன்பக்கம் முழுக்க வெட்டவெளிதான். ஒரு கோடியில் நிற்கும் மீனுக்கு மறுகோடி தெரியும். பின் கண்ணாடியிலிருந்து முன் கண்ணாடியை நோக்கி, குறுக்குச்சுவர் போல நடுங்கள். இரண்டு விரல் இடைவெளியில் பதினைந்து செடி இருந்தால் ஒரு சுவர் ஆகும். நான்கடித் தொட்டியில் இப்படி இரண்டு சுவர் வைத்தால் மூன்று அறைபோலப் பிரியும். செடி வளராத தொட்டியில் உயரமான மரவேரை நிமிர்த்தி வைக்கலாம். கடினமான ஓரமுள்ள பிளாஸ்டிக் செடி மட்டும் வேண்டாம், துடுப்பைக் கிழிக்கும்.

சேர்க்கும் முறை இது. புதிய மூன்றும் இருக்கும் மீன்களின் அளவுக்கு ஏறத்தாழச் சமமாக இருக்க வேண்டும். பாதி அளவு மீனைச் சேர்க்காதீர்கள். மூன்று வாரம் தனித்தொட்டியில் வைத்து நோய் இல்லை என்று உறுதி செய்யுங்கள். சேர்க்கும் நாளில் பெரிய தொட்டியில் 30 சதவீதத் தண்ணீர் மாற்றுங்கள். பழைய மீன்கள் மூன்றையும் பிடித்து, காற்றுக் கல் போட்ட மூடிய வாளியில் அதே தொட்டித் தண்ணீரில் விடுங்கள். இப்போது மரவேர், கல், தொட்டிச் செடி எல்லாவற்றையும் இடம் மாற்றிவிடுங்கள். பழைய எல்லைக்கு அடையாளமாக இருந்த எதுவும் அதே இடத்தில் இருக்கக் கூடாது. புதிய மீன்களை முதலில் விட்டு, ஒரு மணி நேரம் சுற்றிப் பார்க்கவிட்டு, விளக்கை அணைத்துவிட்டுப் பழைய மீன்களை விடுங்கள். அப்போது எல்லோருமே புது வீட்டுக்கு வந்தவர்கள். விளக்கை மறுநாள் காலை வரை போட வேண்டாம். விளக்கு போட்ட முதல் இரண்டு மணி நேரம் பக்கத்திலேயே இருந்து கவனியுங்கள். பெரிய அடிதடி வருவதானால் பெரும்பாலும் அப்போதுதான் வரும்.

முதல் வாரம் தொட்டியின் இரு கோடியிலும் ஒரே நேரத்தில் இரை போடுங்கள். ஒரே மூலையில் போட்டால் அந்த மூலையே அடுத்த சண்டைக்கு இடமாகிவிடும். எல்லாம் சரியாகச் செய்தும் ஒரு மீன் மட்டும் அடங்காவிட்டால், அடிபடுகிறதை விட்டுவிட்டு அடிக்கிறதை எடுத்து ஏழு நாள் தனியே வையுங்கள். அடிபட்டதை எடுத்துத் திருப்பி விட்டால் அது மறுபடி அந்நியனாகவே வரும். அடித்த மீன் திரும்பி வரும்போது தன் இடத்தை வேறொன்று பிடித்திருப்பதைப் பார்த்து, கடைசி ஆளாகத்தான் உள்ளே நுழையும். முதல் கேள்வியில் வந்த ஜோடிக்கு இந்த வழி செல்லாது. வரிசைக்காக நடக்கும் சண்டைக்கு மட்டும்தான்.

கேள்வி: எட்டு நியான் டெட்ரா இருந்தன, நான்கு மாதத்தில் ஒவ்வொன்றாகக் காணாமல்போய் இரண்டுதான் மிச்சம். சடலமே கிடைப்பதில்லை. மாறாக, டைகர் பார்ப் மீன்கள் ஏஞ்சலின் துடுப்பைக் கடித்துக் குட்டையாக்கிவிட்டன.
– வாசகர், தஞ்சாவூர்

பதில்: நியான் ஏஞ்சலுக்கு இரை. வாயில் கொள்ளும் அளவு மீனை இரவில் விழுங்கிவிடும். அமேசானில் இவை ஏஞ்சல் போன்ற மீன்களின் உணவுதான். கப்பிக்கும் அதே கதி. டைகர் பார்ப்பும் செர்ப்பே டெட்ராவும் நீளமான துடுப்பைக் கண்டால் கொத்தாமல் இருக்காது. அவற்றை இன்றே மாற்றுங்கள். அடிபட்டுக்கொண்டே இருக்கும் ஏஞ்சல் தன் இனத்தோடும் அதிகம் மோதும் என்பதை மறந்துவிட வேண்டாம்.

ஏஞ்சலோடு நன்றாகப் பொருந்துவது: காங்கோ டெட்ரா, லெமன் டெட்ரா போன்ற உயரமான உடலுள்ள டெட்ராக்கள், தரைக்கு ஆறு கோரிடோரஸ், பிரிஸ்டில்நோஸ் சக்கர். கடையில் சாதாரணமாக 'சக்கர் மீன்' என்று விற்பதை விடாதீர்கள். அது ஒரு அடிக்கு மேல் வளரும். பசி வந்தால் இரவில் ஏஞ்சலின் தட்டையான உடலில் ஒட்டி மேல்தோல் வழுவழுப்பை உறிஞ்சும். காலையில் ஏஞ்சலின் பக்கவாட்டில் வட்டமான வெளிறிய தடம் தெரிந்தால், மற்ற ஏஞ்சலைச் சந்தேகிக்கும் முன் சக்கரைச் சந்தேகியுங்கள். தொட்டிக்குப் பெரிதாகிவிட்டது என்று அதை ஏரியிலோ கிணற்றிலோ கொண்டுபோய் விட்டுவிடவும் வேண்டாம். நம் நீர்நிலைகளில் ஏற்கெனவே பெருகி, உள்ளூர் மீன்களுக்குப் பெரும் தொல்லையாக இருக்கிறது.

கேள்வி: துடுப்பு கிழிந்து, இரண்டு இடத்தில் செதிலும் உதிர்ந்த மீனுக்கு என்ன மருந்து போடுவது?
– வாசகி, சேலம்

பதில்: சுத்தமான தண்ணீர்தான் முதல் மருந்து. அடிபட்ட மீனை 20 லிட்டர் தண்ணீர் உள்ள தனித்தொட்டியில், பழகிய ஸ்பான்ஞ் ஃபில்டரோடு, 27 அல்லது 28 டிகிரியில் வையுங்கள். லிட்டருக்கு 1 கிராம் கணக்கில் 20 கிராம் கல் உப்பைச் சமையலறைத் தராசில் எடைபோட்டு, தனியே கரைத்து, மூன்று பங்காக ஆறு மணி நேரத்தில் ஊற்றுங்கள். தினமும் கால் பங்கு தண்ணீர் மாற்றும்போது, மாற்றிய 5 லிட்டருக்கான 5 கிராம் மட்டும் சேர்க்க வேண்டும். பலர் ஒவ்வொரு முறையும் முழு அளவைப் போட்டு ஒரு வாரத்தில் உப்பை மூன்று மடங்குக்கு மேல் ஏற்றிவிடுகிறார்கள். பெரிய தொட்டியில் உப்புப் போட வேண்டாம். செடிக்கும் கோரிடோரஸுக்கும் ஆகாது.

கிழிந்த துடுப்பு இரண்டு மூன்று வாரத்தில் வளர்ந்துவிடும். புதிதாக வளரும் பகுதி கண்ணாடிபோல நிறமற்றுத் தெரிவது இயல்பு. ஓரம் பால் வெள்ளையாகி நாளுக்கு நாள் உள்ளே அரித்துக்கொண்டே போனால் அது பாக்டீரியாத் தொற்று. பஞ்சுபோலப் பூத்தால் பூஞ்சை. பூஞ்சைக்கு மெத்திலின் ப்ளூ போடலாம். அதையும் தனித்தொட்டியில்தான், அதுவும் ஸ்பான்ஞ் ஃபில்டரைப் பெரிய தொட்டிக்கு மாற்றிவிட்டுக் காற்றுக் கல்லோடு. ஃபில்டரிலுள்ள நல்ல பாக்டீரியாவை அது கொன்றுவிடும். அதனால் தினமும் பாதித் தண்ணீர் மாற்ற வேண்டிவரும். துடுப்பு அடிவேர் வரை போயிருந்தால் அந்தப் பகுதி திரும்ப வளராது.

கேள்வி: ஏப்ரல், மே மாதங்களில் சண்டை அதிகமாகிறதே?
– வாசகர், வேலூர்

பதில்: தண்ணீர் 32 டிகிரி வரை ஏறும்போது மீனின் சுறுசுறுப்பும் பசியும் ஏறுகின்றன; முட்டையிடும் தூண்டுதலும் சூட்டோடு வரும். அதே நேரத்தில் தண்ணீரில் கரையும் ஆக்சிஜன் குறைகிறது. ஹீட்டரைக் கழற்றிவிட்டு, மூடியைத் திறந்து வலை போட்டு, சிறிய மின்விசிறியை நீர்ப்பரப்பின் மேல் சாய்வாக வீசவிடுங்கள். இரண்டு மூன்று டிகிரி குறையும். தண்ணீர் சீக்கிரம் ஆவியாகும், தினமும் ஈடுகட்டுங்கள். ஐஸ் கட்டி போடுவது தவறு. திடீரென்று இறங்கும் வெப்பநிலைதான் வெள்ளைப்புள்ளி நோய்க்கு வாசல்.

கேள்வி: பல மீன்கள் சேர்ந்த தொட்டியில் என் ஜோடி முட்டையிட்டுவிட்டு எல்லோரையும் அடிக்கிறது. குஞ்சு எனக்கு வேண்டாம். முட்டையுள்ள இலையை வெட்டி எறிந்துவிட்டால் அடங்கிவிடுமா?
– வாசகி, புதுச்சேரி

பதில்: அன்றைக்கு அடங்கும். ஆனால் முட்டையை இழந்த ஜோடி 10 முதல் 15 நாளில் மறுபடி முட்டையிடும். எறிய எறிய, மாதத்தில் பாதி நாள் உங்கள் தொட்டி போர்க்களமாகவே இருக்கும். விட்டுவைத்தால் கணக்கு இப்படி: 28 டிகிரியில் இரண்டரை நாளில் பொரியும், மேலும் ஐந்து நாளில் குஞ்சுகள் நீந்தும். அந்த எட்டு நாளும் கோபம் உச்சத்தில் இருக்கும். பிறகு மற்ற மீன்கள் குஞ்சுகளை இரவில் தின்றுவிடும், ஜோடி திரும்பத் தொடங்கும்.

அதனால் நாங்கள் சொல்வது, வெப்பநிலையை 25 டிகிரிக்குக் கொண்டுவாருங்கள். புழு இரையைக் குறைத்து உலர் இரைக்கு மாறுங்கள். அமேசான் ஸ்வார்டு போன்ற அகன்ற இலைச்செடியையும், சாய்ந்து நிற்கும் கல்லையும் எடுத்துவிடுங்கள். முட்டையிடும் இடைவெளி நீளும். ஃபில்டர் குழாயிலும் கண்ணாடியிலும் இடத் தொடங்கினால் இரண்டு மீனையும் பிரித்து வேறு வேறு தொட்டியில் விடுவதுதான் மிச்சமுள்ள வழி. அப்படிப் பிரித்துப் பல மாதம் கழித்து அதே இரண்டையும் சேர்க்க நினைத்தால், பழைய ஜோடிதானே என்று நேராக விடாதீர்கள். நடுவில் கட்டத் தட்டை வைத்து ஒரு வாரம் பார்க்கவிடுங்கள். இரண்டும் தட்டை ஒட்டி, துடுப்பை விறைக்காமல் பக்கத்தில் பக்கத்தில் நின்றால் எடுக்கலாம். தட்டின் மேல் மோதினால் அந்த உறவு முடிந்துபோயிற்று.